அந்தக் கடை பாக்கியை அடைத்தது யார்?

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 36 வயது. கணவர், மகளுடன் பெங்களூருவில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பா வரைக்கும் எல்லாரும் பூமிக்குள் இறங்கியவர்கள்தான்.

சில மாதங்களாக அந்த லைன் என்னை விடமாட்டேன் என்கிறது. சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, தூங்கப் போகும்போது மனசுக்குள் வீடு வீடாக நடந்துகொண்டிருக்கிறேன். முதல் வீடு டெய்லர் மாமா. எதிர்வீட்டு அத்தை கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தால், தீபாவளிக்கு அம்மா அதிரசம் கொடுத்தனுப்புவார். சாயங்காலம் பீஃப் வறுவல் வாசனை வந்தால் கோடி வீட்டு ஆயா கடை போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

லைன் முனையில் தாத்தா கடை. சொந்தத் தாத்தா இல்லை, கடைக்காரப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பலகைக் கதவு, உள்ளே எப்போதும் கிருஷ்ணாயில் வாசனை. அரைக்கால் கிலோ பருப்பு, ஐம்பது எண்ணெய், ஒரு தீப்பெட்டி என்று நான் ஒப்பிப்பேன். அப்பா பேர் போட்ட நீள நோட்டில் தாத்தா எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் அச்சு வெல்லத்தில் ஒரு சில்லு உடைத்து என் கையில் வைப்பார். அந்தச் சில்லுக்காகவே கடைக்கு ஓடுவேன்.

பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்போம். அலமாரியில் அடுக்கிய சொம்புகள் கிணுகிணுக்கும்; அடுத்த நொடி லைன் முழுக்கக் கதவுகள் திறக்கும். யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்டில் உள்ளே இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பது எதிர்வீட்டு அத்தைதான். தகவல் வரும்வரை நகர மாட்டார்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு 12 வயது, அண்ணனுக்கு 19. அண்ணன் மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. நாங்களும் கிளம்பினோம்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது லைனைப் பார்த்தேன். எங்கள் வரிசையில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, உள்ளே முள்செடி. தாத்தா கடை இருந்த இடத்தில் மேடை மட்டும் இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்த அழுகை இது. அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். “அந்த நரகத்தைப் பத்தி எங்கிட்ட பேசாத. வெல்லம் மட்டும் ஞாபகம் இருக்கு உனக்கு. அந்தக் கடை பாக்கியை அடைச்சது யாருன்னு தெரியுமா?” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். பொங்கலுக்குக்கூடப் பேசவில்லை. “பழசையே பேசிட்டிருந்தா எப்படி?” என்கிறார் கணவர்.

நான் நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் பொய்யா? எனக்கு ஏதாவது கோளாறா?

ஒரு வாசகி, பெங்களூரு

*

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் இல்லை. நீங்கள் சொல்கிற ஊர் இருந்தது. அண்ணன் சொல்கிற ஊரும் இருந்தது.

உங்களுடையது துக்கம். அதைக் கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்ற உழைப்பாளிகள் குடியிருப்பை 1950-களின் கடைசியில் இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து போனவர்களிடம் பேசிய மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர், 1963-ல் தன் ஆய்வை எழுதினார். பலர் நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் போலவே துக்கப்பட்டதைக் கண்டார். அக்கம்பக்கத்தோடு ஒட்டி வாழ்ந்தவர்களுக்குத்தான் வலி அதிகம். போனது சுவரும் கூரையும் மட்டும் என்றால் புது வீடு கிடைத்ததும் ஆறியிருக்கும். பாறை வெடித்தால் நம் வாசலில் வந்து நிற்க ஓர் ஆள் உண்டு என்ற தெம்பு போனால், அதை எந்த அபார்ட்மெண்டில் வாங்குவது?

உங்கள் ஊர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது முழுசாக அழியவில்லை. பாதி வீடு நிற்கிறது, சிலர் இன்னும் குடியிருக்கிறார்கள், ரயில் ஓடுகிறது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இழப்பு மனதை நீண்ட நாள் பிடித்துவைக்கும் என்று பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். சாவு என்றால் நமக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு, உறவு கூடி அழுது முடிக்கும். ஓர் ஊர் போனால் யார் கூடுகிறார்கள்? ஊரை விட்டுக் கிளம்பியபோது குழந்தையான உங்களை யாரும் உட்காரவைத்துப் பேசியிருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு அப்போது அரிசி வாங்கும் கவலை. அந்த அழுகைதான் இப்போது வருகிறது என்று நினைக்கிறேன்.

இனி அண்ணன் விஷயம். அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் தாத்தா கடைக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது. அண்ணன் ரயில் ஏறியதற்கு ஒரு வரிதான். அந்த வயதில் உங்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான், அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு ரயிலில் எண்பது கிலோமீட்டருக்கும் மேல். இருட்டோடு எழுந்து, நெரிசலில் நின்று போய், ராத்திரி திரும்பி வந்து, மறுநாளும் அதே. சுரங்கம் மூடியதும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் குடும்பத்தைத் தாங்கினார்கள். உங்களுக்கு அந்த லைன் 12 வயதோடு நின்றுவிட்டது. அவருக்கு அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. வேலை போன அப்பாவை, கைநீட்டிக் கடன் கேட்ட அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தது அவர். நீங்கள் வெல்லம் என்றதும் அவருக்கு அந்த நீள நோட்டு ஞாபகம் வந்திருக்கிறது.

மூடிய மில்களின் குடும்பங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். மூத்த பிள்ளை வாயே திறக்காது, இளையது பேசிக்கொண்டே இருக்கும். இரண்டு பேருமே ஒரே இழப்பைத்தான் சுமக்கிறார்கள்.

அவர் கோபத்தில் கேட்டது ஒரு நிஜமான கேள்வி. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பாக்கியை அடைத்தது யார் என்று நீங்களும் ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் அவர் வாயால் கேளுங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். ஊர் நினைவுகளை எடுக்காமல், “அண்ணா, அன்னைக்குக் கேட்டியே, கடை பாக்கியை நீயா அடைச்ச? எவ்வளவு இருந்துச்சு? எப்படி அடைச்ச?” என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள். நடுவில் “ஆனாலும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று சமாதானம் சொல்லாதீர்கள். அவர் மறுபடி கத்தினாலோ எழுந்து போனாலோ விட்டுவிடுங்கள். கேட்டது அவர் மனதில் இருக்கும்.

பேச்சு நகர்ந்தால், ஒரு நாள் ஒரு தாளை எடுத்து லைனை வரையுங்கள். எந்த வீடு, யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று குறியுங்கள். அண்ணனுக்குத் தெரிந்த வீடுகளை அவர் நிரப்பட்டும். எதிர்வீட்டு அத்தை இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் போய்ப் பாருங்கள். கணவரிடம், நான் அழுவது இப்போதைய வாழ்க்கை பிடிக்காததால் அல்ல என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கணவர்களுக்கு அந்தப் பயம்தான்.

ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக்கிடந்தாலோ, வாழ்ந்து என்ன என்று தோன்றினாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.