ஃபேஸ்லிஃப்ட் பிறகுதான், இப்போதைக்கு ஹைஃபு செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. மன்னார்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். சர்க்கரைக்குப் பயந்து ஒரே வருடத்தில் 11 கிலோ குறைத்தேன். கன்னம் ஒட்டிப்போய், தாடை ஓரம் தொங்குகிறது. தஞ்சாவூரில் ஒரு கிளினிக்கில் ஹைஃபு (அல்ட்ராசவுண்ட் சூட்டால் தோலை இறுக்கும் சிகிச்சை) 3 சிட்டிங் பேக்கேஜாக எடுத்தால் தை மாதம் மகள் கல்யாணத்துக்குள் முகம் இறுகிவிடும் என்கிறார்கள். 55 வயதுக்கு மேல் ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷன் செய்துகொள்ளும் எண்ணமும் இருக்கிறது. இதை இப்போது செய்தால் அதற்கு இடைஞ்சலா? (சாப்பிட்டதும் வெற்றிலை போடுவேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.)
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் கல்யாணத்தைப் பார்ப்போம். ஹைஃபுவில் அல்ட்ராசவுண்ட் அலையைத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவித்து, 60 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். தோலுக்கு இறுக்கம் தரும் புரதமான கொலாஜனில் பழையது சுருங்கும். அந்தச் சின்னச் சின்னக் காயங்கள் ஆறும்போது புதுக் கொலாஜன் உருவாகும். இதற்கு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம். உங்கள் கடிதம் ஐப்பசியில் வந்திருக்கிறது. தையில் மணவறையில் நிற்கும்போது முழுப் பலன் தெரியும் என்று நம்ப முடியாது.

என்னை உறுத்துவது வேறு விஷயம். உங்களுக்குத் தோல் மட்டும் தளரவில்லை, கன்னத்துக் கொழுப்பும் போய்விட்டது. ஆழமாகச் செலுத்தும் சூடு மிச்சக் கொழுப்பையும் கரைக்கக்கூடும். தாடை லேசாகத் தளர்ந்து, கன்னம் சதைப்பிடிப்பாக இருப்பவருக்கு ஹைஃபு ஓரளவு பலன் தரும். ஒட்டிய கன்னத்தில் அதைப் போட நான் தயங்குவேன்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். ஃபேஸ்லிஃப்டில் தோலை மட்டும் இழுத்துத் தைப்பதில்லை. அதற்குக் கீழே ‘ஸ்மாஸ்’ என்றொரு படலம் இருக்கிறது. அதைப் பிரித்து மேலே தூக்கிக் கட்டுவதுதான் முக்கிய வேலை. ஹைஃபுவில் 4.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போகும் முனை சுடுவதும் அதே படலத்தைத்தான். ஒன்றிரண்டு முறை சரியாகச் செய்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வருடா வருடம் ஆபரேஷன் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே தழும்பு இறுகி, படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். கோடையில் காய்ந்து வெடித்த களிமண் வயலில் ஏர் ஓட்டுவதும், தண்ணீர் பாய்ந்து ஊறிய வயலில் ஓட்டுவதும் ஒன்றா? அந்தப் படலத்துக்கு அடியிலேயே முகத்தை அசைக்கும் நரம்பும் ஓடுகிறது. ஹைஃபுவுக்குப் பதிலாக நூல் போட்டு இழுக்கும் ‘த்ரெட் லிஃப்ட்’டும் உள்ளே தழும்பு விடும். ஊசியோடு ரேடியோ ஃப்ரீக்வென்சி சூடு கொடுக்கும் கருவிகளால் தீக்காயம், கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் வரை நேர்ந்திருப்பதாக, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் எச்சரித்தது. நம் மாநிறத் தோலில் சூடு பட்டால் கருமை மாதக்கணக்கில் போகாமல் இருக்கலாம்.

அதனால் பேக்கேஜ் வேண்டாம். எடை ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும், புண் ஆறுவதே அதை நம்பித்தான். காலையில் கடைக்கு வண்டியில் போகும் முன் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். இரவில் டாக்டர் சொல்லும் அளவில் ட்ரெட்டினாயின் என்ற, தோலில் தடவும் மருந்து. மலிவான வேலைதான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனை இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவரும் சரி என்றால் ஒரே ஒரு ஹைஃபு சிட்டிங் போதும். எந்தக் கருவி, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று எழுதி வாங்கி பத்திரமாக வையுங்கள். ஆபரேஷன் டாக்டர் கேட்பார்.

வெற்றிலையைச் சொன்னது நல்லதாயிற்று. பாக்கு வாய்க்கே ஆகாது, அது தனிக்கதை. ஆனால் புகையிலை சேர்த்துப் போடுகிறீர்களா? நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். தூக்கித் தைத்த தோலுக்கு அந்தக் குழாய்கள் வழியாகத்தான் ரத்தம் போக வேண்டும். போகாவிட்டால் காதோரத் தோல் கறுத்து அழுகிவிடும். ஆபரேஷனுக்கு நான்கு வாரமாவது முன்பே நிறுத்தியாக வேண்டும். புகையிலை உண்டா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லையே?