தண்ணீரின் மேல் ஓடும் ரிமோட் கார்

கேள்வி: ரிமோட் கார் ஒன்று குளத்தின் மேல் ஓடி மறுகரை ஏறும் காணொளியைப் பார்த்த என் மகன், தன் காரையும் அப்படி ஓட்ட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அவனுக்கு வயது பன்னிரண்டு. இது உண்மையிலேயே நடக்கக் கூடியதா? எங்கள் வீட்டுக் காரால் முடியுமா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: நடக்கக் கூடியதுதான். ஆனால் அந்தக் கார் மிதக்கவில்லை என்பதை முதலில் மகனுக்குப் புரியவையுங்கள். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் அது தத்தித் தத்திப் போகுமல்லவா? சில்லு ஒவ்வொரு முறை நீரில் படும்போதும் வேகத்தை இழந்து கடைசியில் மூழ்கிவிடுகிறது. காரோ, சுழலும் சக்கரங்களால் நீரைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் ஓயாமல் தள்ளி, அதன் எதிர்விசையால் தன்னைத் தாங்கிக்கொண்டே முன்னேறுகிறது. சக்கரம் தளர்ந்த கணமே அந்தத் தாங்கல் போய்விடும்.

கடையில் வாங்கிய சாதாரண விளையாட்டுக் காருக்கு அந்த வலு கிடையாது. இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பிரஷ்லெஸ் எனப்படும் அதிக வலுவுள்ள மோட்டாரும் 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பொருத்திய கார். அதைவிட முக்கியமானது டயர். மணலில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட, குறுக்கே துடுப்புப் போன்ற உயரமான பட்டைகள் உள்ள பேடில் டயரைப் பின்சக்கரங்களில் மாட்ட வேண்டும். ஐஸ்லாந்தில் 1960களிலிருந்து நடந்துவரும் கரடுமுரடு நிலப் போட்டிகளில், ஆளேறி ஓட்டும் பெரிய வண்டிகளே இத்தகைய டயர்களோடு நீரின் மேல் பாய்ந்து செல்கின்றன; செங்குத்தான மணல்மேடுகளில் ஏறுவதற்காக மாட்டிய டயர், நீரையும் அதே போல வாரித் தள்ளுகிறது. சக்கரங்களில் காற்றுப் போகச் சிறு துளைகள் இருந்தால் அவற்றை ஒட்டி அடைத்துவிடுங்கள். அவற்றின் வழியே புகும் நீரை உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு உறிஞ்சினால், சக்கரம் கனத்துப்போகும்.

கடப்பதா மூழ்குவதா என்பது பெரும்பாலும் கரையிலேயே முடிவாகிவிடுகிறது. சரிவு மெல்லியதாக இருக்க வேண்டும். செங்குத்தான கரையிலிருந்து இறங்கும் கார் மூக்கை நீரில் குத்திக்கொள்ளும். நேர்கோட்டில், முழு வேகத்தில் இறக்க வேண்டும். இறங்கிய பின் ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் விசையான த்ராட்டிலை விடவே கூடாது. திருப்பினாலும் அகலமாக, மெதுவாகத் திருப்ப வேண்டும். நான் முதன்முதலில் ஒரு பண்ணைக்குட்டையில் முயன்றபோது, பின்சக்கரங்கள் வாரியடித்த நீர்த்திவலை காரையே மறைத்துவிட, திசை தவறிவிட்டதோ என்ற பதற்றத்தில் விரலைச் சற்றே தளர்த்தினேன். பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்தபடி ஒரு கணம் நின்று, கார் உள்ளே போய்விட்டது. உங்கள் மகன் முதலில் முழங்காலுக்கும் கீழான ஆழமுள்ள, நான்கைந்து மீட்டர் அகலமே உள்ள தேங்கிய நீரில் பழகட்டும்.

கேள்வி: மூழ்கிய காரை மீண்டும் பயன்படுத்த முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நன்னீர் என்றால் பெரும்பாலும் முடியும், கடல்நீரிலும் உப்பங்கழியிலும் தயவுசெய்து ஓட்டாதீர்கள், உப்பு மின்சுற்றையும் பேரிங்கையும் விரைவில் அரித்துவிடும். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரும் நீர் புகாதவையாக இருப்பது கட்டாயம். ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நீருக்குள் ஊடுருவுவதில்லை என்பதால், மூழ்கிய காரை விசையை அழுத்தி வெளியே கொண்டுவரலாம் என்று எண்ண வேண்டாம். காரின் கூட்டுக்குள் போதிய அளவு தெர்மாகோல் துண்டுகளை முன்பே ஒட்டிவைத்தால், நின்றுபோனாலும் அது மேலேயே கிடக்கும். தூண்டில் நரம்பை வீசிக் கரைக்கு இழுத்துவிடலாம். அதை எடுக்கப் பிள்ளைகள் நீரில் இறங்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். சேறு படிந்த குட்டையின் ஆழம் கரையிலிருந்து தெரியாது.

வெளியே எடுத்ததும் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. அது உப்பியோ நசுங்கியோ இருந்தால் மறுபடி சார்ஜ் ஏற்றாதீர்கள், தீப்பிடிக்கும். பிறகு சக்கரங்களைக் கழற்றி நீரை வடித்து, காரை நிழலில் நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இந்தக் கடைசி வேலையை மறுநாளைக்குத் தள்ளினால், பேரிங் துருவேறிக் கரகரக்கத் தொடங்கிவிடும்.