செனான் விளக்கு முதலில் நீலமாகத் தெரிவது ஏன்?

கேள்வி: என் உறவினரின் காரில் செனான் முகப்பு விளக்கைப் போட்டதும் வெளிச்சம் சில விநாடிகள் நீலம் கலந்து தெரிந்து, பிறகே வெள்ளையாக நிலைபெறுகிறது. இது பழுதா? இதே பல்பை ஹாலஜன் விளக்குள்ள என் காரில் மாட்டலாமா?

பதில்: பழுது அன்று, அந்த விளக்கு எரியத் தொடங்கும் முறையே அதுதான். ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. செனான் பல்பிலோ இழையே கிடையாது. பட்டாணி அளவுள்ள குவார்ட்ஸ் குமிழுக்குள் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள் இருக்கும். அவற்றைச் சுற்றி, அழுத்தி நிரப்பிய செனான் வாயுவும் சோடியம், ஸ்காண்டியம் போன்ற உலோகங்களின் அயோடைடு உப்புகளும் இருக்கும். காரின் 12 வோல்ட் மின்சாரத்தால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது என்பதால், பாலஸ்ட் என்னும் மின்னணுப் பெட்டியும் அதனுடன் சேர்ந்த தூண்டியும் ஒரு கணம் 20,000 வோல்ட்டுக்கு மேல் செலுத்துகின்றன. வாயு அயனியாகி மின்வில் (மின்முனைகளுக்கிடையே தொடர்ந்து ஒளிரும் மின்பாய்ச்சல்) பிறந்தபின், டி2எஸ் என்னும் செனான் பல்பு வகைக்குச் சுமார் 85 வோல்ட்டும் 35 வாட்டுமே போதும்.

நீங்கள் முதலில் காணும் நீலம் செனானுடையது. மின்வில்லின் வெப்பத்தில் உப்புகள் உருகி ஆவியானபின் அந்த ஆவி தரும் ஒளியே முழு வெளிச்சமாகிறது. தெருவிளக்குகளில் இருந்த பாதரச ஆவி விளக்குகள் முழு ஒளி பெறச் சில நிமிடங்கள் ஆகும். சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தத் தாமதம் ஆகாது என்பதால், உடனே ஒளிரும் செனானைச் சேர்த்தார்கள். 1991-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் கார்களில் இது முதன்முதலாக வந்தது. வெளிச்சம் நிலைபெற்ற பிறகும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால் மட்டுமே பல்பின் ஆயுள் முடியப்போகிறது என்று கொள்ளுங்கள்.

உங்கள் காரில் மாட்டுவதை நான் உறுதியாக மறுக்கிறேன். ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பான் இழையின் வடிவத்தையும் இடத்தையும் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. அதில் மின்வில்லை வைத்தால் ஒளி சாலையில் ஒழுங்காக விழாமல் சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். 55 வாட் எச்7 ஹாலஜன் பல்பு சுமார் 1,500 லூமென் (ஒளியளவின் அலகு) தரும்போது, டி2எஸ் சுமார் 3,200 தருகிறது. ஐரோப்பிய விதிகள் இத்தகைய விளக்குகளுக்குத் ஒளிக்கற்றையின் சாய்வைத் தானே சரிசெய்யும் அமைப்பையும் விளக்கின் கண்ணாடியைக் கழுவும் அமைப்பையும் கட்டாயமாக்கியது இதனால்தான். இருசக்கர வண்டியில் எதிரே வருபவருக்கு ஒரு கணக் கூச்சமே உயிராபத்தாகிவிடும்.

டி1, டி2 வகைச் செனான் பல்புகளில் பாதரசமும் உண்டு. பழையதைக் கழற்றும்போது உடைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.