பக்கத்து ஊருக்கு ஜெர்மனி வழியாக

அன்புள்ள ஐயா,

டிஎன்42 என்ற ஆர்வலர் நெட்வொர்க்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் சேர்ந்தேன். வீட்டில் ஒரு பழைய மினி பிசி. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஒருவரோடும் சிங்கப்பூரில் ஒருவரோடும் பியரிங், அதாவது நேரடி இணைப்பு. கோலாலம்பூர் நண்பனின் சர்வருக்குப் பிங் அடித்தால் (ஒரு சிறு செய்தி போய்ப் பதில் வர) 370 மில்லிசெகண்ட்! ரூட் பட்டியலை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பி,

தப்பே இல்லை. நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறைதான் பிஜிபி. இணையத்தின் நடுவே ஓடும் அதே பிஜிபியை, ஆர்வலர்கள் வயர்கார்டு (இணையத்தின் மேல் போடும் தனிச் சுரங்கப்பாதை) இணைப்புகளின் மேல் ஓட்டிப் பழகும் இடம்தான் டிஎன்42. பிஜிபிக்கு மேப் தெரியாது. நாம் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், வழியில் எத்தனை ஏஎஸ் (தனித்தனி நிர்வாகத்தில் உள்ள நெட்வொர்க்) என்று எண்ணும், அவ்வளவுதான். கிலோமீட்டரை விட்டுவிட்டு டோல் சாவடியை மட்டும் எண்ணுகிற டிரைவர் மாதிரி. உங்கள் பட்டியலில் சிங்கப்பூர் வழியாக மூன்று ஏஎஸ், ஜெர்மன்காரர் வழியாக இரண்டு. ஜெர்மனி ஜெயித்துவிட்டது.

மலேசியாவிலிருந்து ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,000 கிலோமீட்டர். உங்கள் பிங் அங்கே போய், கோலாலம்பூர் வந்து, பதில் மறுபடி அதே வழியில் திரும்பினால் 40,000. பூமியை ஒரு சுற்று! ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அதற்கே 200 மில்லிசெகண்ட் போய்விடுகிறது.

இதற்காகத்தான் டிஎன்42-இல் ரூட்டோடு தாமதக் குறியீடு ஒட்டி அனுப்புகிறார்கள்: 64511,1 முதல் 64511,9 வரை. கடைசி எண் பெரிதானால் தாமதமும் அதிகம். 7.3-க்கு மேல் 20 மில்லிசெகண்டுக்குள் என்றால் 3. 148-ஐத் தாண்டி 403 வரை என்றால் 6. ஆனால் இது கூட்டுத்தொகை இல்லை, வழியில் உள்ள மிக மோசமான இணைப்பின் எண். இரண்டு 6 சேர்ந்தாலும் 6தான். எனக்கு இது அரைகுறை ஏற்பாடாகத்தான் படுகிறது. இருந்தாலும் உங்கள் சிக்கலுக்குப் போதும். பிஜிபியை ஓட்டும் பேர்ட் மென்பொருளின் இம்போர்ட் ஃபில்டரில் (வரும் ரூட்டுகளைச் சலிக்கும் விதிகள்), எண் சின்னதாக இருந்தால் லோக்கல் பிரெஃபரன்ஸை, அதாவது அந்த வழிக்கு நீங்கள் தரும் முன்னுரிமையை, கூட்டுங்கள். பிஜிபி ஏஎஸ் எண்ணிக்கைக்கு முன்னால் அதைத்தான் பார்க்கும்.

அப்புறம் ஒன்று. இதைச் செய்துவிட்டு நான் பிங் அடித்தபோது 360 என்பது 190 ஆனது, அதற்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வாரம் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். போகிற வழியை மட்டும்தான் நான் மாற்றியிருந்தேன். வருகிற வழி எதிர்முனைக்காரர் கையில். அவர் பதில்கள் இன்னும் ஜெர்மனி போய்த்தான் வந்தன.

ஆகவே உங்கள் நண்பரையும் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். அதைவிட, அவரோடு நேராகவே ஒரு வயர்கார்டு போட்டுவிடுங்கள். இருவரில் ஒருவருக்குப் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அணுகக்கூடிய இணைய முகவரி) இருந்தால் போதும்.