ஏற்காட்டு ஈரமும் பழைய ரிவால்வரும்

கேள்வி: ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். லைசென்ஸ் வந்துவிட்டது. புது ரிவால்வருக்குக் காசு போதாது. பழையது வாங்கலாமா ஐயா?
— வாசகர், ஏற்காடு

பதில்: தாராளமாக வாங்கலாம். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 அளவு ரிவால்வரைப் பாருங்கள். நடுவில் மடித்துத் திறக்கும் ஆறு குண்டு ரகம். காட்டெருமையை விரட்டத்தான் என்றால் வேண்டாம், அதற்கு இது உதவாது.

முதலில் திறந்து, ஆறு குண்டு அறையும் காலிதானா என்று பாருங்கள். அப்புறம் குழலையும் பிடியையும் இரு கையிலும் பற்றி அசையுங்கள். கீலும் மேல் கொக்கியும் ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பின்பக்கச் சுத்தியலை மெல்ல இழுத்தால், அறைகள் உள்ள உருளையான சிலிண்டர் 'டக்'கென்று நிற்க வேண்டும். ஆறு அறைக்கும் இப்படிப் பாருங்கள். நின்ற சிலிண்டரில் பொடி அசைவு பரவாயில்லை.

நான் முதலில் வாங்கியது நிக்கல் பூச்சில் மாப்பிள்ளை மாதிரி மின்னியது. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கவில்லை. உள்ளே துருக்குழி! விற்றவர் "எண்ணெய் போட்டால் சரியாகும்" என்றார். குழி எண்ணெயில் நிரம்புமா?

லைசென்ஸ் பெற்ற கடையிலேயே வாங்குங்கள். துப்பாக்கியில் வெட்டிய எண்ணும் ரசீது எண்ணும் ஒன்றா, லைசென்ஸில் போட்ட வாங்கும் கெடு முடியவில்லையா என்று பாருங்கள். வீட்டில் தோல் உறைக்குள் வைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பனியைத் தோல் குடித்து இரும்புக்குக் கொடுக்கும்.