காலையில் ஒரு அட்டை, இரவில் ஒரு வரி: டாரட் கேள்வி பதில்

டாரட் என்ற படச்சீட்டுக் கட்டிலிருந்து தினம் காலையில் ஒரு அட்டை எடுத்து, அதை வைத்து அன்றைய நாளை யோசித்து, இரவில் நோட்டில் ஒரு வரி எழுதுவது பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லோரிடமும் இருப்பது பரவலாகப் புழங்கும் ரைடர் வெயிட் கட்டுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, நேற்று 'மரணம்' அட்டை வந்தது. நாள் முழுக்கப் பயம். வண்டியை எடுக்கவே மனசு வரவில்லை.

முதலில் ஒன்று. யாருடைய உயிரைப் பற்றியும் எந்த அட்டைக்கும் எதுவும் தெரியாது. இதை நம்பிக்கையோடு சொல்கிறேன், பயத்தை விடுங்கள்.

சரி, இப்போது அதே அட்டையை எடுத்துப் படத்தைப் பாருங்கள். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வருகிறது, கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. அரசன் விழுந்து கிடக்கிறான். ஒரு குழந்தை முட்டி போட்டபடி குதிரையை நேராகப் பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். இந்த அட்டை வந்த நாளில் நான் என்னையே கேட்டுக்கொள்வது: ஏற்கெனவே முடிந்துபோன எதை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? பாதியில் விட்ட படிப்பின் புத்தகங்கள் இன்னும் மேசையில் கிடக்கின்றனவா? அவற்றை எடுத்து வைப்பதே அன்றைய வேலையாக இருக்கலாம்.

கேள்வி: பத்து நாளில் ஒரே அட்டை இரண்டு முறை வந்துவிட்டது. ஏதோ சொல்ல வருகிறதா?

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 78 அட்டைகள். தினமும் நன்றாகக் கலைத்து ஒன்று எடுத்தால், 11 நாளுக்குள் ஏதோ ஒரு அட்டை திரும்ப வர பாதிக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. அதனால் வந்ததை அதிசயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் முறை நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று கட்டாயம் புரட்டிப் பாருங்கள். ஒரே படத்தில் அன்றைக்கு ஒன்றும் இன்றைக்கு வேறொன்றும் கண்ணில் பட்டால், அந்த வித்தியாசம் உங்களைப் பற்றியது.

கேள்வி: 'கோப்பை ஐந்து' எடுத்தேன். புத்தகத்தில் இழப்பு, துக்கம் என்று போட்டிருக்கிறது. எனக்கு அன்றைக்கு ஒரு இழப்பும் இல்லையே. அட்டை தப்பா, நான் படித்தது தப்பா?

இரண்டும் இல்லை. புத்தகத்தை முதலில் திறந்ததுதான் சிக்கல். இரண்டு நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள், அப்புறம் புத்தகம்.

கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலையைக் குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன, அவர் பார்வை அங்கே போகவில்லை. ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கிறது, அதையும் பார்க்கவில்லை.

எனக்கு இது ஒருமுறை வந்த நாளில் பெரிய சோகம் எதுவும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு எண் தப்பாகிவிட்டது, அவ்வளவுதான். மாலை வரை அந்த ஒரு எண்ணையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். அறிக்கை நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சொன்னது காதில் விழுந்தும் மனசில் ஏறவில்லை. இரவு நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான், சரியாக இரண்டு பேர் என்பது உறைத்தது. இதை அட்டை முன்கூட்டிச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. காலையில் அந்தப் படத்தைப் பார்த்திருக்காவிட்டால் அந்த இரண்டு பேரையும் மறந்திருப்பேன்.

கேள்வி: இது பழைய எகிப்து ரகசியம் என்கிறார்களே?

இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாட்டாகத் தொடங்கியது. எகிப்துக் கதையைப் பரப்பியவர் கூர் து ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர், 1781இல். நம் கையில் இருக்கும் கட்டு 1909இல் லண்டனில் வந்தது. ஆர்தர் வெயிட் என்ற எழுத்தாளர் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் கோப்பை ஐந்து என்றால் வெறும் ஐந்து கோப்பைகள்தான். கோப்பை, வாள் போன்ற எண் அட்டைகளிலும் ஆட்களையும் காட்சிகளையும் கொண்டுவந்தவர் பமீலா. தினசரிப் பழக்கத்துக்கு இந்தக் கட்டு இவ்வளவு பொருந்துவது அந்தப் பெண்ணால்தான். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தலைகீழாக வந்தால்?

புதிதாகத் தொடங்கியவர் என்றால் நிமிர்த்தி வையுங்கள். போதும்.

கேள்வி: வேலையை விடலாமா என்று கேட்டு எடுத்தேன். 'வாள் எட்டு' வந்தது. விடக்கூடாது என்று அர்த்தமா?

தயவுசெய்து அப்படி முடிவு எடுக்காதீர்கள் தம்பி. வேலை, பணம், உடம்பு மூன்றுக்கும் விவரம் தெரிந்த மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

யோசிக்க மட்டும் அந்தப் படம் உதவும். கண்ணும் கையும் கட்டப்பட்ட பெண், சுற்றி எட்டு வாள்கள். ஆனால் கால்கள் கட்டப்படவில்லை. முன்பக்கம் வாள்களும் இல்லை. உங்களைக் கட்டியிருப்பது எது என்று எழுதிப் பாருங்கள்: கடனா, வீட்டில் என்ன சொல்வார்களோ என்பதா, வேறு வேலை கிடைக்காது என்ற எண்ணமா? கடன் என்றால் அது நிஜமான கட்டு, கணக்குப் போட்டுத்தான் அவிழ்க்க முடியும். எண்ணம் என்றால், இந்த வாரமே இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிடிக்காத அட்டை வந்தால் இன்னொன்று எடுக்கலாமா அக்கா?

எடுக்கலாம், ஆனால் முதல் அட்டையையும் பக்கத்திலேயே வையுங்கள். ஒருநாள் எனக்குக் 'கோல் பத்து' வந்தது. பத்துக் கழிகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஒருவன் குனிந்து நடக்கிறான், முகமே கழிகளுக்குள் புதைந்திருக்கிறது. பார்க்கவே அலுப்பாக இருந்தது, உள்ளே செருகிவிட்டு மறுபடி எடுத்தேன். 'சூரியன்' வந்தது. சந்தோஷமாக நோட்டில் எழுதினேன். அன்று மூன்று பேருடைய வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அந்தப் பக்கத்தில் இன்றும் 'சூரியன்' என்று மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு, மாற்றி எடுத்தால் இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன்.