பழைய 78 வகை ரிபேட் இழைப்புளியில் (பலகை ஓரத்தில் படி போன்ற காடி வெட்டும் இழைப்புளி) காடியின் சுவர் நேராக இறங்காமல் படிப்படியாகச் சாய்கிறது. எதைச் சரிசெய்ய வேண்டும்?

அந்த இழைப்புளியின் துல்லியம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது: வலப்பக்கச் சுவர், பிளேடின் வலது மூலை, கீறுகத்தி (பிளேடுக்கு முன்னே மர நாரைக் கீறும் சின்னக் கத்தி) ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம். காடியின் சுவரை உருவாக்குவது அந்த மூலைதான். மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஸ்டான்லி 78, இரண்டு தண்டு கொண்ட ரெக்கார்ட் 778, அவற்றைப் பார்த்துச் செய்த இந்திய இழைப்புளிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சுவர் படிப்படியாக வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம். பிளேடின் மூலை இழைப்புளியின் பக்கச் சுவரைவிட உள்ளே இருக்கிறது. அப்போது ஒவ்வொரு இழைப்பிலும் சுவரோரம் நூலிழை அளவு மரம் வெட்டுப்படாமல் நிற்கும். அடுத்த இழைப்பில் அது இழைப்புளியை இடப்பக்கம் தள்ளும், ஃபென்ஸ் (தண்டில் பொருத்திய, மரத்தின் ஓரத்தை ஒட்டி ஓடும் வழிகாட்டிப் பட்டை) மரத்தை விட்டு விலகும். காடி கீழே போகப் போகக் குறுகும்.

பிளேடை வைக்கும் முன் உடலைப் பாருங்கள். மூலைமட்டத்தை வைத்து அடிப்பரப்பும் வலப்பக்கமும் 90 டிகிரியில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சோதியுங்கள். இல்லையென்றால் கண்ணாடிமேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, பிளேடை 2-3 மி.மீ. உள்ளிழுத்து, லீவர் கேப்பை (பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடி) வேலைக்கு இறுக்கும் அளவே இறுக்கி, முதலில் அடிப்பரப்பைத் தேயுங்கள். பிறகு பிளேடு, கீறுகத்தி, ஆழத் தடுப்பு மூன்றையும் கழற்றிவிட்டு, சதுரமாக இழைத்த ஒரு கட்டையில் அடிப்பரப்பை ஒட்டிப் பிடித்தபடி வலப்பக்கத்தைத் தேயுங்கள். இடப்பக்கத்தைத் தொட வேண்டாம், அது எந்தச் சுவரையும் தொடுவதில்லை. வலப்பக்கத்தையும் தேவைக்கு மேல் தேய்க்காதீர்கள். கீறுகத்தி உட்காரும் பள்ளம் ஆழம் குறைந்துவிடும்.

பிளேடு உட்காரும் மேடையில் பெயிண்ட் கட்டியோ பிசிறோ இருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள். பிளேடு அங்கே ஆடினால் எவ்வளவு தீட்டினாலும் வேலையில் அதிரும்.

அடுத்தது தீட்டுவது. பிளேடு 38 மி.மீ. அகலம், சாய்வு கீழ்ப்பக்கம். 25 டிகிரி சாய்வு, முனையில் 30 டிகிரியில் ஒரு சிறு சாய்வு போதும். சாதாரண இழைப்புளிக்குச் செய்வதுபோல் முனையை லேசாக வளைக்கக் கூடாது. நேர்கோடாக இருக்க வேண்டும். பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று: இதில் பிளேடைப் பக்கவாட்டில் திருப்பிச் சரிசெய்யும் நெம்பு கிடையாது. ஒரு பக்கம் அதிகமாக வெட்டுகிறதே என்று பிளேடைச் சாய்த்து வைத்தால், வலது ஓரம் பக்கச் சுவருக்கு இணையாக நிற்காது, மூலையும் இடம் மாறிவிடும். வலது ஓரத்தைச் சுவருக்கு இணையாக வைத்து, அடிப்பரப்பின் வழியே முன்னாலிருந்து பாருங்கள். முனை எந்தப் பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் கூடுதலாகத் தீட்டி, முனையை அடிப்பரப்புக்கு இணையாக்குங்கள். மூலைமட்டத்தில் முனை லேசாகச் சாய்ந்து தெரிந்தாலும் பரவாயில்லை.

மூலையை எவ்வளவு வெளியே வைப்பது? 0.1 மி.மீ. அளவு. சாதாரணப் பிரிண்டர் தாளின் கனம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இழைப்புளியை வலப்பக்கமாகக் கண்ணாடிமேல் படுக்க வையுங்கள். வாய்க்கு (பிளேடு வெளிவரும் திறப்பு) முன்னும் பின்னும் உடலுக்கு அடியில் மட்டும் ஒவ்வொரு தாள் துண்டு. பிளேடுக்கு அடியில் தாள் இருக்கக் கூடாது. லீவர் கேப்பைத் தளர்த்தி, பிளேடு கண்ணாடியைத் தொடும்வரை இறக்கி, இறுக்குங்கள். இதைவிட அதிகம் நீட்டினால் மூலை சுவரைப் பிறாண்டும்.

கீறுகத்தி மூன்று இதழ் கொண்ட சின்னத் துண்டு. மர ரேகையின் போக்கில் இழைக்கும்போது இது தேவையில்லை. இதழ் இல்லாத பக்கம் கீழே வருமாறு திருப்பி வைத்துவிடலாம். ரேகைக்குக் குறுக்கே என்றால் கட்டாயம் வேண்டும். அதன் வெளிமுகம் பிளேடின் மூலையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். உள்ளே தள்ளியிருந்தால், பிளேடு கீறாத நார்களைப் பிய்த்துக்கொண்டு போகும். பின்னால் மெல்லிய பித்தளைத் தகடோ தாளோ வைத்து வெளியே கொண்டு வாருங்கள். தீட்டும்போது சின்ன அரத்தால் உள்முகத்தை மட்டும் சாய்வாக்குங்கள். வெளிமுகத்தைக் கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறு எடுத்தால் போதும். கீழே அரை மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் சரி.

ஒற்றைத் தண்டு ஃபென்ஸ்தான் 78-இன் பலவீனம். வலப்பக்கச் சுவரிலிருந்து ஃபென்ஸுக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேலை நடுவே இழைப்புளி சிக்கும், அல்லது சுவரைவிட்டு விலகும். தண்டை வளைத்து நிமிர்த்த முயல வேண்டாம். ஃபென்ஸில் 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு மரப்பட்டையைத் திருகி, அந்தப் பட்டையையே இழைத்து இணையாக்குங்கள். நீளம் கூடுவதால் தொடக்கத்திலும் முடிவிலும் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆழத் தடுப்பு வழுக்கினால் அது உரசும் முகத்தைச் சொரசொரப்பான உப்புத்தாளில் ஒருமுறை தேயுங்கள். மரத்தின்மேல் ஓடும் அடிப்பாகத்தை மட்டும் வழவழப்பாக்குங்கள், இல்லையென்றால் மேற்பரப்பில் கோடு விழும்.

முன்னால் இருக்கும் இன்னொரு பிளேடு இடம், மரத்தின் முனைவரை போகாமல் நடுவில் முட்டி நிற்கும் காடிகளுக்கானது. எப்போதாவதுதான் உதவும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் காடியின் அடிப்பகுதி வெளிப்பக்கமாகச் சரிந்தால், அது கையின் வேலை. இடக்கை ஃபென்ஸை மரத்தோடு அழுத்த மட்டும்தான். கீழ்நோக்கிய அழுத்தத்தையும் அதுவே கொடுத்தால் இழைப்புளி வெளியே சாயும். மரத்தின் தொலைமுனையிலிருந்து குட்டை இழைப்புகளாகத் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள், கடைசியில் முழு நீளம். குறுக்கு ரேகையில் முதலில் இழைப்புளியைப் பின்னோக்கி இரண்டு மூன்று முறை இழுத்தால் கீறுகத்தி கோடு போட்டுவிடும். 2 மி.மீ. இறங்கியதும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், பத்து மி.மீ. இறங்கிய பிறகு திருத்துவது கஷ்டம்.

வாயைக் குறுக்க வழியில்லாத இழைப்புளி இது. அதனால் வேங்கை போல ரேகை மாறி மாறி ஓடும் மரத்தில் மெல்லிய சீவலாகத்தான் எடுக்க வேண்டும். தேக்கில் உள்ள சிலிக்கா முனையைச் சீக்கிரம் மழுக்கும். சீவல் சுருளாமல் பொடியாக உதிரத் தொடங்கினால் ஆழத்தைக் கூட்டாதீர்கள், பிளேடைக் கழற்றித் தீட்டுங்கள்.